நெட்டை ஜாக்கியை நான் ஓடையில் போடவில்லை

அன்பு மாமாவுக்கு, நெல்லிவாசலிலிருந்து கோவிந்தன் எழுதுவது.

நீங்கள் போய் ஆறு மாதம் ஆகிறது. கடிதம் உங்களுக்குத்தான். ஆனால் ஆலங்காயம் ஜீப் ஸ்டாண்டு டீக்கடைச் சுவரில் இதை ஒட்டப் போகிறேன். உங்களோடு வண்டி ஓட்டியவர்கள் எல்லாம் அங்கேதான் நிற்கிறார்கள், அவர்களும் படிக்கட்டும். வீட்டு விஷயத்தை வெளியில் சொல்கிறானே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் வீட்டுச் செய்தி. உங்கள் மகள் செல்வி ஐந்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டாள். ஜூனில் ஆலங்காயம் ஹாஸ்டலில் சேர்க்கிறோம். ஜீப்பை நான்தான் ஓட்டுகிறேன். இரண்டாவது கியர் என்னிடம் இன்னும் முரண்டு பிடிக்கிறது. உங்கள் கைக்கு மட்டும் எப்படி அடங்கியது? அக்கா சாப்பிடுகிறாள், காட்டு வேலைக்குப் போகிறாள். பேச்சுதான் குறைந்துவிட்டது.

இப்போது ஜாக்கி விஷயத்துக்கு வருகிறேன்.

பட்டாளத்து ஏலத்தில் ஜீப்போடு சேர்ந்து வந்த அந்த நெட்டை ஜாக்கியின் மேல் உங்களுக்கு எவ்வளவு பெருமை! நெஞ்சுயர இரும்புப் பட்டை, அடியிலிருந்து நுனிவரை வரிசையாகத் துளைகள். கைப்பிடியை அழுத்த அழுத்த இரண்டு முளைகள் மாறி மாறித் துளையில் உட்கார்ந்து மேலே ஏறும். சாதாரண ஜாக்கியை வைக்க வண்டிக்கு அடியில் இடமே இல்லாமல் சக்கரம் புதைந்து கிடக்கும்போது, இது பம்பரைப் பிடித்தே தூக்கிவிடும். "இவன் இருக்கிற வரைக்கும் எனக்கு ஆள் வாணாம்டா" என்பீர்கள்.

அவன்தான் உங்களைக் கைவிட்டான். ஊரெல்லாம் அப்படித்தான் பேசிக்கொண்டது.

காரியம் முடிந்த மறுநாள் அக்கா என்னைக் கூப்பிட்டாள். "அந்த ஜாக்கிய எடுத்துனு போயி ஓடையில தள்ளிட்டு வா. வூட்டுப் பக்கம் வரக் கூடாது" என்றாள். உயிர் எடுத்த கோடாலியையோ கொடுவாளையோ நம்மவர்கள் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை, அது உங்களுக்குத் தெரிந்ததுதான். "சரிக்கா" என்று எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஓடை வரைக்கும்கூடப் போனேன். போடத்தான் மனம் வரவில்லை. அது ஏன் நழுவியது என்று தெரியாமல் எப்படிப் போடுவது?

சாக்கில் சுற்றித் திருப்பத்தூரில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் முளையை விரலால் அழுத்திப் பார்த்தார். உள்ளே போன முளை திரும்பி வர நேரம் எடுத்தது. ஒரு ஆணியை எடுத்துத் துளைகளை நோண்டினார். மஞ்சளாகக் கட்டி கட்டியாக உதிர்ந்தது.

"இன்னாபா இது? சந்தனமா?"

"ஆயுத பூஜைக்கு வெச்சதுண்ணா."

"பட்டைக்கு மேல வெச்சா போதாதா? ஒவ்வொரு ஓட்டையிலயுமா ரொப்புவ? ஸ்பிரிங்ல வேற வெளக்கெண்ணெய ஊத்தி வெச்சிக்கிற. ரோட்டுத் தூசி அதுல ஒட்டி கோந்தாயிருக்குது பார். முள முழுசா உள்ள பூரலபா. நுனியில நின்னுக்குனு இருந்திருக்கும்."

ரொப்பியது நான்தான் மாமா. வண்டிக்குப் பொட்டு வைத்துவிட்டு, ஸ்பேனர்களுக்கு வைத்துவிட்டு, கிண்ணத்தில் சந்தனம் மீந்திருந்ததால் ஒவ்வொரு துளைக்கும் அழகாக ஒரு உருண்டை, அதன்மேல் குங்குமம். நீங்கள் பார்த்துவிட்டு "கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்குதுடா" என்று சிரித்தீர்கள். பத்து நாள் கழித்து அந்த மேட்டு வளைவில் பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. நீங்கள் வண்டியைத் தூக்கினீர்கள். சக்கரத்துக்குக் கல் கொடுக்க அடியில் நுழைந்தீர்கள். நான் பத்தடி தள்ளி அடுத்த கல்லை உருட்டிக்கொண்டிருந்தபோது ஜாக்கி நழுவி, வண்டி உங்கள் மேல் இறங்கியது.

திருப்பத்தூரிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது வழியெல்லாம் அழுதேன். அதற்குப் பிறகு எனக்கு உங்கள்மேல் கோபம் வந்தது. இதையும் சொல்லிவிடுகிறேன். தூக்கிய வண்டியை வெறும் ஜாக்கியில் நிறுத்திவிட்டு ஏன் நுழைந்தீர்கள்? எதிர்ச் சக்கரத்துக்குக் கல் வைக்கவில்லை. வண்டிச் சட்டத்துக்கு அடியில் ஒரு கட்டை கொடுக்கவில்லை. ஒரு நிமிஷ வேலை. ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு இல்லை. உங்களுக்குத் தெரியாததா அது?

மெக்கானிக் ஸ்பிரிங்கை மாற்றிக் கொடுத்தார். நான் ஒவ்வொரு துளையையும் மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்தேன். விழுந்து கிடந்த புளியமரத்திலிருந்து எட்டுக் கட்டைகள் அறுத்தேன். மண்ணில் புதையாமல் இருக்க ஜாக்கியின் அடித்தட்டுக்குக் கீழே போட ஒரு பலகை. எல்லாவற்றையும் பின்சீட்டுக்கு அடியில் சாக்கில் மறைத்து வைத்தேன். அக்காவிடம் மட்டும் ஓடையில் போட்டுவிட்டதாகவே சொல்லியிருந்தேன். இத்தனை மாதமும் அந்தப் பொய்யோடுதான் அவள் கையால் சாப்பிட்டேன்.

போன வாரம் சாமை மூட்டையோடு அக்கா ஜீப்பில் வந்தாள். கீழே இறங்கும் வழியில், இரண்டாவது வளைவில், புளி ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் ஒன்று ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. டிரைவர் வேலு இறங்கிச் சக்கரத்துக்குக் கல் கொடுத்தபோது மண் சரிந்து, டிரெய்லர் சட்டம் அவன் முழங்காலுக்குக் கீழே அமுக்கிவிட்டது. ஏழெட்டுப் பேர் தோள் கொடுத்துத் தூக்கப் பார்த்தார்கள். அவர்கள் ஒவ்வொரு முறை அசைக்கும்போதும் அவன் கத்தினான். சட்டம் இன்னும் கொஞ்சம் கீழே போனது.

நான் பின்சீட்டைத் தூக்கினேன். சாக்கைப் பிரித்தேன். அக்கா பார்த்தாள்.

"போட்டுட்டன்னு சொன்னியேடா?"

"பொய் சொன்னேன்க்கா."

அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. இது மறுபடி நழுவினால் வேலுவோடு சேர்ந்து நானும் செத்தேன் என்று தோன்றியது. ஆனால் அவன் கத்திக்கொண்டிருந்தான். நின்று யோசிக்க நேரம் இல்லை.

"எல்லாரும் கைய எடுங்க. யாரும் வண்டியத் தொடாதீங்க" என்றேன். டிராக்டரை கியரில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைக்கச் சொன்னேன். பலகையைப் போட்டு ஜாக்கியை நேராக நிறுத்தி, பாரத்தைத் தூக்கும் அதன் நாக்கைச் சட்டத்துக்கு அடியில் கொடுத்தேன். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நின்றேன். கைப்பிடி துள்ளினால் தாடையைப் பெயர்த்துவிடும், அதனால் அதற்கு நேராகத் தலையைக் கொண்டுபோகக் கூடாது. அழுத்தினேன். 'டக்' என்று கேட்டது. முளை முழுசாக உள்ளே போயிருக்கிறதா என்று கண்ணாலும் பார்த்த பிறகே அடுத்த அழுத்து.

"கட்டைய யாராவது வையுங்க!"

ஒருவரும் முன்னே வரவில்லை. இந்த ஜாக்கியை எல்லோருக்கும் தெரியும். வண்டியிலிருந்து அக்கா இறங்கினாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு கட்டையைத் தூக்கினாள்.

"நான் வெக்கிறேன். நீ கைப்பிடிய வுட்றாத."

"கைய உள்ள வுடாதக்கா. கம்பால தள்ளு."

ஒரு விரற்கடை ஏறினால் ஒரு கட்டை. மறுபடி ஏறினால் அதன்மேல் குறுக்காக இன்னொன்று. நாலு பேர் "சீக்கிரம், சீக்கிரம்" என்றார்கள். அக்கா திரும்பி, "எங்க வூட்ல ஒருத்தர் சீக்கிரமாத்தான் போனாரு. சும்மா நில்லுங்க" என்றாள்.

ஆறாவது கட்டையில் வேலுவைத் தோளைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். சட்டம் கட்டையின் மேல் அசையாமல் நின்றது. நான் கைப்பிடியை மேலே தூக்கிப் பட்டையோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினேன். பக்கத்தில் யாரும் போகக் கூடாது என்று ஆள் நிறுத்திவிட்டு, வேலுவை ஆலங்காயம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எலும்பு முறிந்திருக்கிறது, கால் தப்பிவிட்டது. மூன்று மாதத்தில் நடப்பான் என்று டாக்டர் சொன்னார்.

திரும்பி வந்து, சாய்ந்த பக்கத்துப் பள்ளத்தைக் கல்லால் நிரப்பிவிட்டு டிரெய்லரை இறக்கினேன். தூக்குவதைவிட இறக்குவதுதான் பயம். பாரம் கைப்பிடியைத் தானே மேலே தள்ளும். உடம்பு எடையை அதன்மேல் வைத்து, ஒரு துளை இறக்கி, ஒரு கட்டையைக் கம்பால் உருவி, மறுபடி ஒரு துளை. அரை மணி நேரம் ஆனது. ஆகட்டும்.

பிறகு ஓடையில் இறங்கிக் கை கால் கழுவினோம். இனி மறைக்க முடியாது என்று தோன்றியது. மெக்கானிக் ஆணியால் நோண்டியதிலிருந்து எல்லாவற்றையும் அக்காவிடம் சொன்னேன். "மாமாவ நான்தான்க்கா கொன்னேன்" என்றும் சொல்லிவிட்டேன்.

அவள் முகத்தைக் கழுவி முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"ஓட்டையில நீ வெச்சத நான் அன்னைக்கே பாத்தேன். பாதி ஓட்டையோட போதலன்னு நீ கேட்டப்ப இன்னொரு கிண்ணம் அரைச்சிக் குடுத்ததும் நான்தான். அவரு செத்த அன்னைக்கி அந்த இரும்புல மஞ்சளா ஒட்டிக்கினு இருந்திச்சி. கண்ணால கண்டேன். அதனாலதான் அத்த தூக்கிப் போடச் சொன்னேன், யாரும் பாக்கக் கூடாதுன்னு."

ஆறு மாதமாக ஒரே வீட்டில், ஒரே பாரத்தை ஆளுக்கொரு மூலையில் சுமந்திருக்கிறோம் மாமா.

"நான் அரைச்சேன், நீ வெச்ச, அவரு கட்ட வெக்காம பூந்தாரு. மூணு பேரும் செஞ்சது. பழியப் போயி இரும்பு மேல போட்டோம் பார்" என்றாள். அப்புறம்தான் அழுதாள். நீங்கள் போன அன்றுகூட அவள் அப்படி அழவில்லை.

உங்கள் பங்கை நீங்கள் ஏற்றுக்கொள்வீர்களா? மாட்டேன் என்று சொல்லமாட்டீர்கள். எனக்கு உங்களைத் தெரியும்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். கட்டை இல்லாமல் நம் ஜீப் மலை ஏறாது. தூக்கி நிறுத்திய வண்டிக்கு அடியில் கட்டை கொடுக்காமல் எவன் தலையை நுழைத்தாலும், அவன் எவ்வளவு பெரிய டிரைவராக இருந்தாலும், காலைப் பிடித்து வெளியே இழுத்துப் போடுவேன். அன்று உங்கள் காலைப் பிடித்து இழுக்காததற்கு இனி ஒவ்வொருவரையும் இழுப்பேன் மாமா.

உங்களுக்குப் பத்தடி தள்ளிக் கல் உருட்டிக்கொண்டிருந்த,
உங்கள் மச்சினன்
கோவிந்தன்