போத்தலில் அசையாத எண்

என் அன்பு அப்பாவுக்கு,

சொக்ஸ் இறுக்குகிறது என்று நீங்கள் சொன்னபோது பெரிய அளவில் இரண்டு சோடி வாங்கித் தந்தேனே, அதற்குப் பதிலாக உங்களை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருந்தால் இன்னும் இருந்திருப்பீர்களா? எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் பௌதிகம் படிப்பித்தும் தெரியவில்லை.

இப்போது அம்மாவின் இதயமும் களைத்துவிட்டது. நீர் முதலில் கணுக்காலில் சேரும், விரலால் அழுத்திக் குழி விழுகிறதா என்று பாருங்கள் என்றார் டொக்டர். குழி விழும்போது பிந்திவிடும். உங்களில் பார்த்தேனே. அதனால் காலில் கட்டி அளக்க ஒரு பட்டி செய்யத் தொடங்கினேன்.

முதலில் கரி கலந்த இறப்பர் நாடா. இழுபட்டால் அதன் மின்தடை கூடும், சாதாரண மீற்றரே போதும். பின்னேரங்களில் தடை கூடியது. பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். பிறகு சந்தேகம் வந்து ஒரு சோடாப் போத்தலில் கட்டிப் பார்த்தேன். பின்னேரம் போத்தலும் வீங்கியிருந்தது! பகற்சூட்டைத்தான் இறப்பர் வீக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

"போத்தலுக்கும் குளிசை குடுப்பமோ?" என்று கேட்டார் அம்மா.

அடுத்தது செம்பு. எலாஸ்டிக்கில் மெல்லிய கம்பியை நெளிநெளியாகத் தைத்துச் சுருளாக்கினேன். கால் பருத்தால் சுருள் விரியும், அதன் மின்காந்தத் தூண்டுதிறன் கூடும், பட்டியோடு கொளுவிய சின்ன மின்பெட்டியில் தெரியும் அதிர்வெண் குறையும். போத்தலில் மூன்று நாள் கட்டி வைத்தேன் அப்பா, எண் அசையவில்லை! குசினிக்குள் நின்று கைதட்டினேன். நீயா என்று கேட்பீர்கள். நான்தான்.

அம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை. "கம்பி சுத்தின காலோட செக்பொயின்ற்றால போறதோ? இறப்பரையே கட்டிவிடு பிள்ளை. அது பொய் சொன்னாலும் என்னைப் பிடிச்சுக் குடுக்காது."

நியாயம்தான். குண்டுப் பயத்தில் கிடக்கும் கொழும்பில், வெள்ளவத்தையில், இப்போது யார் நின்று விளக்கம் கேட்கிறார்கள்? ஆனாலும் செம்பைத்தான் தேர்ந்தேன். காலையில் வீட்டில் கட்டி அளப்பது, வெளியே போகுமுன் கழற்றுவது என்று பேச்சு. இன்று ஒருமுறை அம்மாவின் காலில் கட்டி எண்ணைக் குறித்துவைத்தேன், நாளைக்குத் தொடங்குகிறோம்.

மறுநாள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

காலையில் எண் குறைந்திருந்தது. காலை அழுத்தினேன், குழி இல்லை. பட்டியைப் போத்தலில் கட்டினேன், பழைய எண்ணே வந்தது. திரும்ப அம்மாவுக்கு, மறுபடியும் குறைவு. பெட்டியைக் கழற்றிய அவசரத்தில் பட்டியைக் காலிலேயே விட்டுவிட்டு, கிருலப்பனையில் இருக்கும் டொக்டரிடம் போக ஓட்டோ பிடித்தேன்.

செக்பொயின்ற்றில் சோதித்த பெண் பொலிஸின் கை கணுக்காலில் நின்றது. "மொகக்த மே?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டாள்.

"ககுல இதிமெனவா, துவே," என்றார் அம்மா. கால் வீங்குகிறது, மகளே.

அவள் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். குழி விழவில்லை. வீக்கம் எங்கே என்று கேட்டாள். குழி விழமுன்னரே கண்டுபிடித்ததுதான் விஷயம் என்பதை நான் என் சிங்களத்தில் எப்படிச் சொல்வது? கிளினிக் கொப்பியைக் காட்டி ஒரு மணித்தியாலம் நின்றோம். பட்டியை வெட்டி எடுத்துக்கொண்டு எங்களைப் போகவிட்டார்கள்.

டொக்டர் அம்மாவின் நிறையைப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், குளிசையைக் கூட்டினார். "தண்ணி சேரத் தொடங்கிட்டுது. நேரத்தோட வந்திட்டியள்."

கம்பி இன்னும் மிச்சம் இருக்கிறது, அப்பா. இன்னொரு பட்டி தைப்பேன். இந்த முறை பெரிய சொக்ஸ் வாங்கமாட்டேன்.

உங்கள் மூத்தவள்