நைனாவிடம் கொடுத்த இரண்டாம் பாகம்

18 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமையும் ஓட்டம்தான். முகத்துவாரத்து இறால் தண்ணீரில் எந்தப் பதினைந்து நாள் எந்தக் குப்பம் வலை கட்டுவது என்று இன்று பாடு சீட்டு எடுத்தார்கள். போன வருஷம் நோட்டில் ஒரு பக்கம் கிழிந்துபோய் கைகலப்பு வரை போனதால் இந்த முறை வீடியோ. எடுத்தது நான். பிறந்தது கிழக்குக்குப்பம், வாழ்க்கைப்பட்டது மேட்டுக்குப்பம், பிழைப்பு பழவேற்காடு பஸ் ஸ்டாண்டில் ஜெராக்ஸ் கடை. அதனால் எல்லோருக்கும் நான் "நம்ம பொண்ணு". எத்தனை நாளைக்கோ!

போனை ஸ்டாண்டில் நிறுத்தி சார்ஜரைச் செருகிவிட்டு, பிரிண்டுக்கு ஆள் நிற்கிறது என்று நடுவில் இரண்டு முறை கடைக்கு ஓடினேன். ஐப்பசி முதல் பாடு, அதாவது மழைத் தண்ணீரில் இறால் குவிகிற அந்தப் பதினைந்து நாள், கிழக்குக்குப்பத்துக்கு விழுந்தது. என் அப்பா, நைனாதான் அங்கே தலைவர். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பல் அத்தனையும் வெளியே.

19 ஆகஸ்ட், திங்கள்

நாலு மணி நேர வீடியோ, பதினோரு ஜிபி. அதை யார் வைத்துக்கொள்வது என்று மூன்று தலைவர்களும் கடையிலேயே மல்லுக்கு நின்றார்கள். நைனா கையில் கொடுக்க மாமாவுக்கு (என் புருஷன் பிரவீனின் அப்பா, மேட்டுக்குப்பத்துத் தலைவர்) மனசில்லை. மாமா கையில் கொடுக்க நைனாவுக்கு மனசில்லை. தோப்புக்குப்பத்துத் தமிழ்வாணனிடம் கொடுக்க இரண்டு பேருக்குமே மனசில்லை.

கடையில் இருந்த பழைய பென் டிரைவில் எப்படியும் நாலு ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலாக ஏறாது. அப்போதுதான் தோன்றியது. மூன்று பாகமாகப் பிரித்து ஆளுக்கொன்று கொடுத்துவிட்டால்? மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால்தான் திறக்கும்.

"அதுல ஒண்ணு தொலைஞ்சா இன்னாமா?" என்றார் தமிழ்வாணன்.

"மூணும் வீண்தான்."

"அப்ப சரி. எவனும் தனியா ஒண்ணும் பண்ண முடியாது."

முதல் பாகம் மாமாவுக்கு, இரண்டாவது நைனாவுக்கு, மூன்றாவது தமிழ்வாணனுக்கு. போனிலும் கம்ப்யூட்டரிலும் இருந்ததை அவர்கள் கண் முன்னாலேயே அழித்தேன். "வேற எங்கியும் இல்லியே?" என்று மாமா கேட்டார். இல்லை என்றேன். "எம்பொண்ணு சொன்னா சொன்னதுதான்" என்றார் நைனா.

20 ஆகஸ்ட்

இருக்கிறது. மூன்று பாகத்துக்கும் காப்பி, கடை ஹார்ட் டிஸ்கில். காப்பி வைக்காமல் எந்த வேலையையும் கொடுத்துப் பழக்கமில்லை எனக்கு. யார் யாருடைய கல்யாணப் பத்திரிகையோ மூன்று வருஷமாகக் கிடக்கிறது. நாளைக்கு அழித்துவிடலாம்.

2 செப்டம்பர்

அழிக்கவில்லை.

6 அக்டோபர், ஞாயிறு

ஆரம்பித்துவிட்டது. ஐப்பசி முதல் பாடு மேட்டுக்குப்பத்துக்குத்தான் என்கிறார் மாமா. தங்களுக்கு விழுந்த இரண்டாம் பாட்டில் கோயில் கும்பாபிஷேகம் வருகிறதாம், அதனால் சீட்டு எடுத்த அன்றே மாற்றிக்கொண்டார்களாம். நைனா ஒரேயடியாக மறுக்கிறார். எல்லோரையும்விட அதிகமாகக் கத்தியது மூர்த்தி சித்தப்பா. "எவன் மாத்திக்கினான்? எவன்கிட்ட கேட்ட நீ?" கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது.

என் வாயால் வேண்டாம், வீடியோவே சொல்லட்டும் என்று தமிழ்வாணன் நழுவிவிட்டார். புதன்கிழமை மூன்று பாகத்தையும் கொண்டுவந்து சேர்த்துப் பார்ப்பது என்று முடிவு. நானும் பிரவீனும் பேசாமல் சாப்பிட்டோம். மீன் குழம்பில் உப்பே போடவில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. அவன் அதையும் சொல்லவில்லை.

9 அக்டோபர், புதன்

நைனாவின் பென் டிரைவ் செத்துப்போயிருக்கிறது.

வீட்டில் வைத்தால் யாராவது எடுத்துவிடுவார்கள் என்று, இந்த மனுஷன் அதைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி இடுப்பு மடியிலேயே வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒன்றரை மாதம்! அதோடுதான் தினமும் ஏரியில் இறங்கி இடுப்பளவு தண்ணீரில் வலை கட்டக் கழி நட்டிருக்கிறார். கவரைப் பிரித்தால் உப்புத் தண்ணீர் சொட்டுகிறது, முனையெல்லாம் துரு. இரண்டு கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

"கூடவே வெச்சினு இருந்தா பத்திரம்னு நெனச்சேம்மா" என்றார், சின்னப் பிள்ளை மாதிரி.

வெளியே யாரோ, "வேணும்னே தண்ணியில போட்டிருப்பாரு" என்றார்கள். அது நைனா காதில் விழுந்தது. செருப்பைத் தேடினார். செருப்பு காலில்தான் இருந்தது.

10 அக்டோபர், வியாழன்

மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு என்னிடம் இருந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். இல்லை, எப்படி இருப்பது?

வீடியோ ஓடி இரண்டே முக்கால் மணி நேரத்தில், நான் கடைக்கு ஓடியிருந்த நேரம், நைனா எழுந்திருக்கிறார். ஐஸ் வண்டி வந்திருக்கிறது. தோள் துண்டை எடுத்து நாற்காலியில் போட்டுவிட்டுப் போகிறார். துண்டு கிடந்தால் ஆள் இருக்கிற மாதிரி. அந்த வீட்டு ஆம்பளை யாராவது அதன் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் அவரே பேசினதாகக் கணக்கு. எங்கள் மூன்று குப்பத்திலும் அப்படித்தான்.

மாமா கும்பாபிஷேகத்தைச் சொல்லி, பாட்டை மாற்றிக்கொள்ளலாமா என்று துண்டைப் பார்த்துக் கேட்கிறார். பக்கத்து நாற்காலியில் சித்தப்பா. காலை ஆட்டிக்கொண்டே, "எடுத்துக்கங்க, அண்ணங்கிட்ட நா சொல்லிக்கிறேன்" என்கிறார். தமிழ்வாணன் நோட்டில் குறிக்கக்கூட இல்லை, அதுதான் வீடியோ ஓடுகிறதே என்று.

நைனா திரும்பி வருகிறார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்கிறார். சித்தப்பா வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கு வரைக்கும் இல்லை.

நைனா பொய் சொல்லவில்லை. ஆனால் பாடு மேட்டுக்குப்பத்துடையதுதான்.

11 அக்டோபர், வெள்ளி

பிரவீனிடம் சொன்னேன். குதிப்பான் என்று நினைத்தேன், அவன் குப்பம் ஜெயிக்கிறதே. குதிக்கவில்லை.

"சொல்லாத. காப்பி வெச்சினு இருந்தேன்னு தெரிஞ்சா எங்காளுங்களும் உன்ன நம்ப மாட்டாங்க, உங்காளுங்களும் நம்ப மாட்டாங்க. மறுசீட்டு எடுக்கட்டும். போய்த் தொலையட்டும் பாடு."

எனக்காகத்தான் சொல்கிறான். புரிகிறது. ஆனால் மறுசீட்டு எடுத்தால், பென் டிரைவைத் தண்ணீரில் போட்ட ஆள் என்று நைனாவைச் சாகிற வரைக்கும் சொல்வார்களே. சொன்னால் நான் பொய்க்காரி. சொல்லாவிட்டால் அவர் திருடன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இருந்தும் நாள் முழுக்க யோசித்தேன். பயமாக இருக்குது, அவ்ளோதான்.

12 அக்டோபர், சனி

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கிழக்குக்குப்பம் போனேன். நைனாவிடம் காட்டினேன். சித்தப்பா பேசுகிற இடத்தை இன்னொரு தரம் போடச் சொன்னார். போட்டேன்.

"துண்ட போட்டுட்டுத்தான போனேன்" என்றார். "மூர்த்தி பேசுனா நா பேசுன மாதிரிதான். அவங்களுதுதான் பாடு. நாளைக்கே எல்லார்க்கும் காட்டு."

வாசல்வரை வந்துவிட்டேன். அப்போது கேட்டார்.

"அழிச்சிட்டேன்னு எங்கிட்டயும் தானம்மா சொன்ன?"

அழுதுகொண்டே வண்டி ஓட்டினேன்.

13 அக்டோபர், ஞாயிறு

சபையில் எழுந்து சொன்னேன். என்னிடம் காப்பி இருக்கிறது, இல்லை என்று அன்றைக்குச் சொன்னது பொய் என்று. பிறகு ஒரே கூச்சல். நான் பிறந்த குப்பத்துக்காரர்கள் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை.

மாமாதான் கேட்டார். "நடுவுல நீ வெட்டி ஒட்டியிருக்க மாட்டேன்னு இன்னா நிச்சயம்?" வீடியோ தனக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது என்று தெரியாமலே கேட்டார். நியாயமான கேள்வி.

"என்னோட ஒண்ணாவதும் மூணாவதும் வேணாம். உங்ககிட்ட இருக்கறதையே குடுங்க" என்றேன். வலையை மூன்றாக வெட்டி, நடுவில் வேறு வலையை வைத்தால் கண்ணி ஒட்டாது இல்லையா, அந்த மாதிரிதான் இதுவும். பாகங்கள் ஒட்டுகிறதா என்று சரிபார்க்கிற கணக்கெல்லாம் அவர்கள் பாகத்தில் இருக்கிறது, என்னுடையதில் இல்லை. முதலில் இரண்டாம் பாகத்தின் காப்பி ஒன்றில் ஒரே ஒரு எழுத்தை மாற்றிச் சேர்த்துக் காட்டினேன். கடைசி வரை ஓடிவிட்டுப் பிழை என்று சிவப்பில் வந்தது. பிறகு மாற்றாததை வைத்துச் சேர்த்தேன். பச்சைக் கோடு நகர நகர அத்தனை பேரும் லேப்டாப்பைச் சுற்றி நெருங்கினார்கள். பிழை எதுவும் இல்லாமல் திறந்தது.

சித்தப்பா தன் குரலைக் கேட்டதும் எழுந்து போய்விட்டார். நைனா எழுந்து, "மொதப் பாடு மேட்டுக்குப்பத்துது" என்று சொல்லி உட்கார்ந்தார். பென் டிரைவைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

அடுத்த வருஷம் பொன்னேரியிலிருந்து ஸ்டுடியோக்காரரைக் கூப்பிடுவதாகத் தீர்மானம். சரிதான்.

நைனா என்னிடம் பேசாமலே போனார்.

14 ஜனவரி 2025

பொங்கல் சீர் வந்தது. கொண்டுவந்தது சித்தப்பா. கரும்பை வாசலில் சாய்த்துவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

27 ஜூலை 2025, ஞாயிறு

கடையில் தமிழ்வாணன். ஸ்டுடியோக்காரர் வேண்டாமாம். "அவனுக்கு நம்ம சங்கதி இன்னா தெரியும்? நீயே எடு. மூணாப் பிரிச்சுக் குடு, முழுசா ஒண்ணு நீயும் வெச்சிக்க. எல்லார்க்கும் தெரிஞ்சு வெச்சிக்க." மாமாவும் ஒப்புக்கொண்டாராம். நைனா என்ன சொன்னார் என்று கேட்க வாய் வரவில்லை.

17 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

பாடு சீட்டு. இன்று கடையைத் திறக்கவே இல்லை. போன் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். நைனா வந்தபோது என் பக்கம் பார்க்கவில்லை. பத்து மாதமாகப் பழகிவிட்டது என்று சொல்லிக்கொள்கிறேன். பழகவில்லை.

மூன்று மணிக்கு ஐஸ் வண்டி ஹாரன். நைனா எழுந்து துண்டை எடுத்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த சித்தப்பா குனிந்து தன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நைனா துண்டை நாற்காலியில் போடவில்லை. கூட்டத்துக்கு நடுவில் நடந்து வந்து, என் மடியில் வைத்தார்.

"பாத்துக்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியைப் பார்க்கப் போனார்.

மாமா தொண்டையைச் செருமினார். தமிழ்வாணன் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, "அடுத்த பாட்டுக்குக் கிழக்குக்குப்பம் இன்னா சொல்லுதும்மா?" என்று என்னைக் கேட்டார்.

சொன்னேன். குரல் நடுங்கியது வீடியோவில் நன்றாகவே கேட்கிறது. மூன்றாகப் பிரித்துச் சாயங்காலமே கொடுத்துவிட்டேன். நைனாவுடையதை மட்டும் தண்ணீர் புகாத ஒரு சம்படத்தில் போட்டுக் கொடுத்தேன்.