படிக்க முடியாத முப்பத்தேழு வார்த்தைகள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. வீட்டில் யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் கையெழுத்தைப் பார்த்ததுமே பதறிப்போவாய். நீயும் மாப்பிள்ளையும் சுகந்தானே, குழந்தைக்கு இருமல் விட்டதா? இங்கே உடம்பு சரியில்லாதது நம் கம்ப்யூட்டருக்குத்தான். போன வாரத்திலிருந்து உள்ளே டிக் டிக்கென்று ஒரு சத்தம், அம்மாவின் வீடியோக்களில் சிலது பாதியில் அப்படியே நின்றுவிடுகிறது. காது கேளாத பிள்ளைகளுக்காக அவள் எட்டு வருஷமாகச் சேர்த்த சைகை அகராதி முழுக்க அதற்குள்தான் இருக்கிறது, ஆயிரத்து நூறு வார்த்தை, வார்த்தைக்கு ஒரு வீடியோ. எல்லாவற்றிலும் சைகை செய்வது அவள் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர், அவரும் போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டார், இனி யாரை வைத்து எடுப்பது? நகல் எடுத்து வைக்கச் சொல்லி நீ அனுப்பிய டிஸ்க் உறை பிரிக்காமல் அலமாரியில் கிடக்கிறது. நீ கேட்டபோதெல்லாம் எடுத்தாச்சு எடுத்தாச்சு என்றேனே, அத்தனையும் பொய், மகளே. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றே தள்ளிப்போட்டுவிட்டேன்.

அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. அவளுக்குத் தெரிவதற்குள் நானே சரிசெய்துவிடுகிறேன் பேர்வழி என்று ரிப்பேர் என்றிருந்த பட்டனை நாலு தடவை அமுக்கினேன், சத்தம் கூடியதுதான் மிச்சம். இன்று காலை அவள் பள்ளிக்கூடம் கிளம்பியதும் கம்ப்யூட்டர் கடைக்காரப் பெண்ணைக் கூப்பிட்டேன். அந்தப் பெண் காதை வைத்துக் கேட்டுவிட்டு, ஏன் சார் இதை அமுக்குனீங்க, டிஸ்க்குல அங்கங்க இடம் கெட்டிருக்கு, பேட் செக்டர்னு சொல்லுவோம், ரிப்பேர் அந்த இடத்தை ஒதுக்கி வைக்குமே தவிர அங்க இருந்ததத் திருப்பித் தராது, முதல்ல நகல்தானே எடுக்கணும் என்றாள். நீ அனுப்பிய டிஸ்க்கை மாட்டி, நகல் நல்ல இடங்களை முதலில் எடுத்துக்கொண்டு கெட்ட இடங்களுக்குக் கடைசியில் வரும்படி வைத்துவிட்டு, என்ன ஆச்சுன்னு தொறந்து தொறந்து பாக்காதீங்க, பாக்கப் பாக்கத்தான் கெடும் என்று கண்டிப்பாகச் சொல்லிப் போனாள். என்னால் சும்மா இருக்க முடியுமா, கையைக் கட்டிப்போடத்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். எழுபது சதவீதத்தில் ஒரு மணி நேரமாக நிற்கிறது.

இவ்வளவு எழுதுவதற்குள் அம்மா வந்துவிட்டாள், நகலும் முடிந்திருந்தது. முப்பத்தேழு வீடியோவைப் படிக்க முடியவில்லை என்று பட்டியல் வந்தது. எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். திட்டியிருந்தால் தேவலை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பட்டியலில் இருந்த வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தன் கையால் செய்து பார்த்தாள். முப்பத்தைந்து வந்துவிட்டது. விக்கல், கூச்சம், இந்த இரண்டுக்கும் மட்டும் கை அந்தரத்தில் நின்றது. அவர் எப்படிப் பண்ணுவார், அவர் எப்படிப் பண்ணுவார் என்று கேட்டுக்கொண்டே அழுதுவிட்டாள், எனக்குத் தாங்கவில்லை.

சின்ன வயதில் நீதானே, மாஸ்டர் நம் வீட்டுக்கு வரும் சனிக்கிழமைகளில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து விக்கலையும் கூச்சத்தையும் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லிச் சிரிப்பாய். கண்ணை மூடி, யோசிக்காமல், கையைப் போகவிட்டுப் பார். வந்தால் வீடியோ எடுத்து அனுப்பு, அனுப்புமுன் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள். நீங்கள் மூவரும் குறைவில்லாமல் நன்றாக இருக்க வேண்டும். அம்மா இன்னும் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறாள், சீக்கிரம் அனுப்பு.

இப்படிக்கு,
உன்னிடம் பொய் சொன்ன அப்பா