எல்லாரும் வாங்கின பங்கு

ஏறாவூர்
12.11.2021

அன்பின் மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் நம் மகள் ஷஸ்னாவும் சுகம். போனில் இந்தப் பங்குக் கதையை எடுத்தால் சண்டையில்தான் முடிகிறது. அதனால் ஈமெயிலில் எழுதுகிறேன்.

நம்மிடம் இருந்த டைல்ஸ் கம்பெனிப் பங்கு முழுவதையும் நேற்று விற்றுவிட்டேன். கோபிக்காமல் வாசியுங்கள். யாரும் அதைத் திரும்பிப் பார்க்காத நேரம் ஆண்டறிக்கையைப் படித்துத்தான் வாங்கினேன். இப்போதைய விலைக்கும் அந்தக் கம்பெனியின் இலாபத்துக்கும் சம்பந்தமே இல்லை. முந்தாநாள் பக்கத்து வீட்டு றிஸானா ராத்தா வந்து, "அந்தப் பங்கில நானும் கொஞ்சம் எடுத்தன் ஸகியா. அந்தக் கம்பெனி என்ன செய்யுது?" என்று கேட்டா.

"டைல்ஸ், ராத்தா."

"அப்பிடியா? நான் சீமெந்து எண்டு நினைச்சன். பரவாயில்ல, எல்லாரும்தானே எடுக்காங்க."

மறுநாள் காலையிலேயே விற்றேன். காசு வங்கியில் இருக்கிறது. வாவிக்கரையில் நீங்கள் போட நினைத்த போட் எஞ்சின் பட்டறைக்கு அது போதும். ஊருக்கு வந்துவிடுங்கள்.

உங்கள்
ஸகியா


தோகா
10.12.2021

ஸகியாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நீ விற்ற பங்கு நேற்று இரண்டு மடங்காகிவிட்டது.

நாங்கள் தங்கியிருக்கும் அறையில் என்னைத் தவிர எல்லாரிடமும் அது இருக்கிறது. எங்கள் போர்மன் கச்சி முகம்மது காக்கா சோறு தின்னும்போது கேட்கிறார்: "என்ன இஷாம், மனுசி பயந்து வித்துப்போட்டாவா?" எல்லாரும் சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரிக்க வேண்டியிருக்கிறது. "ஒருத்தரும் விக்காதீங்க, இன்னும் ஏறும்" என்று அவர்தான் மற்றவர்களைப் பிடித்து வைத்திருக்கிறார்.

என்னைக் கேட்காமல் ஏன் செய்தாய்? இத்தனை பேருக்கும் விளங்காதது உனக்கு மட்டும் விளங்கிவிட்டதா? இப்போதைக்கு ஊருக்கு வரும் எண்ணமில்லை. கொஞ்ச நாளைக்குப் போனும் எடுக்க மாட்டேன்.

இஷாம்


ஏறாவூர்
14.01.2022

அன்பின் மச்சான்,

ஸலாம். உங்கள் குரல் கேட்டு ஒரு மாதமாகிறது. "வாப்பாட போன் பழுதா உம்மா?" என்று ஷஸ்னா கேட்கிறாள்.

உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கீடு படிப்பிக்கிற நான், பாடத்தின் நடுவில் போனை எடுத்து விலை பார்க்கிறேன். அறிக்கையைத் திரும்பவும் படித்தேன். ஒன்றும் மாறவில்லை. ஆனாலும் ஒவ்வொரு நாளும் விலை ஏறும்போது, நான்தான் ஏதோ பிழையாக விளங்கிக்கொண்டேனோ என்று படுகிறது. கலியாண வீட்டில் என்னைக் கண்டால் கதையை மாற்றுகிறார்கள்.

திரும்ப வாங்கட்டுமா? வேண்டாம் என்று ஒரு சொல் எழுதுங்கள், தொட மாட்டேன்.

ஸகியா


தோகா
20.02.2022

அன்பு ஸகியா,

ஸலாம். வீம்பில் உன் ஈமெயிலைத் திறக்கவே இல்லை. இன்றுதான் வாசித்தேன்.

விலை விழத் தொடங்கியதிலிருந்து அறையில் யாருக்கும் நிம்மதியில்லை. போர்மன் காக்கா தன்னுடையதை ஜனவரியிலேயே விற்றுவிட்டார் என்று நேற்றுத்தான் தெரிந்தது. எங்களிடம் "வைச்சிருங்க" என்று சொல்லிக்கொண்டே விற்றிருக்கிறார். ஏன் என்று கேட்டேன்.

"சொன்னா எல்லாரும் ஒரேயடியா விப்பீங்க. பிறகு எனக்கு விலை கிடைக்குமா, தம்பி?" என்றார். முகத்தில் வெட்கமே இல்லை.

நீ செய்ததுதான் சரி. என்னை மன்னித்துவிடு. எதையும் வாங்க வேண்டாம். ஜூன் மாதம் வருகிறேன். வங்கியில் இருக்கிற காசில் பட்டறையைத் தொடங்குவோம்.

உன்
இஷாம்


ஏறாவூர்
03.03.2022

ஷஸ்னாவின் வாப்பாவுக்கு,

ஸலாம். நீங்கள் வேண்டாம் என்று எழுதுவதற்கு ஒரு மாதத்துக்கு முன்பே வாங்கிவிட்டேன். பதிலுக்குச் சில நாள் பார்த்தேன், வரவில்லை. முழுக் காசையும் போட்டேன். விலையை நம்பியல்ல, அந்த அறையில் நீங்கள் தலைநிமிர்ந்து சோறு தின்ன வேண்டும் என்றுதான்.

விழத் தொடங்கியபோது அறிக்கையைத் தேடவில்லை. றிஸானா ராத்தா விற்றாவா என்று மதிலால் எட்டிப் பார்த்தேன். அவ என்னை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தா.

"நீ விக்கல்லதானே?"

"இல்ல ராத்தா."

"அப்ப நானும் விக்கல்ல."

இப்படியே இரண்டு பேரும் பாதி விலைக்கும் கீழே வந்துவிட்டோம். நேற்று அவவிடம் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் விற்றேன். கிடைத்தது பட்டறைக்குக் காணாது.

நான் செய்தது சரி என்று எழுதியிருக்கிறீர்கள். விலை விழுந்த பிறகுதானே எழுதினீர்கள். விழாமல் இருந்திருந்தால் இன்றைக்கும் என் ஈமெயில் திறக்கப்படாமல்தான் கிடந்திருக்கும். போன காசை விட இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இனி அறையில் யார் என்ன சொன்னார் என்று எனக்கு எழுத வேண்டாம். பட்டறை இல்லாவிட்டாலும் வருவீர்களென்றால், எந்த நாள் என்று எழுதுங்கள்.

ஸகியா