எரியும் விளக்குக்கு எண்ணெய்

மதினி,

பேனா வழுக்குகிறது. உள்ளங்கை எல்லாம் எண்ணெய்ப் பிசுபிசுப்பு. நம்ம கோவில் பங்குச்சாமி இப்போதுதான் பூசிவிட்டுப் போனார். நெற்றியில் ஒரு சிலுவை, இரண்டு உள்ளங்கையிலும் ஒவ்வொன்று. கையை மோந்து பார்த்தேன். நீங்கள் சொன்னது சரிதான், ஆலிவ் எண்ணெய்க்கு நம்ம நல்லெண்ணெய் மாதிரி ஆளைத் தூக்குகிற வாசனை கிடையாது. சிம்மக்கல் கடையில் முப்பது வருசம் எண்ணெய் டின்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த உங்கள் மூக்கு பொய் சொல்லுமா?

மத்தியானம் எனக்கு ஆபரேஷன். இருதயத்தில் அடைப்பாம், நெஞ்சைத் திறந்துதான் சரி செய்ய வேண்டுமாம். டாக்டர் அதைச் சொன்னதும் நான் முதலில் சொன்ன வார்த்தை, "கோவிலுக்குப் போன் போடு, சாமியை வரச் சொல்லு." என் மகன் ஜெரால்டுக்கு முகம் வெளிறிப் போய்விட்டது. "அதெல்லாம் இப்ப எதுக்கும்மா? அபசகுனமாப் பேசாதீங்க" என்றான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால் உங்கள் வார்டு வாசலில் நின்று நான் பேசிய பேச்சின் சாயலிலேயே அவனும் பேசுகிறான். யார் பெற்ற பிள்ளை!

அன்றைக்கு உங்களுக்கு வயிற்றில் கட்டி. மறுநாள் காலை ஆபரேஷன். அண்ணன் கடையைப் பூட்டிவிட்டு ரத்தத்துக்கு ஆள் தேடி அலைந்தார். காவலுக்கு நான். காலை பத்து மணி வாக்கில் வார்டு வாசலில் வெள்ளை அங்கியோடு பங்குச்சாமி வந்து நின்றார். கையில் சின்னதாக ஒரு பெட்டி. அதில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். ரெண்டு கையையும் விரித்து வாசலை மறித்தேன்.

"இங்க யாரும் சாகக் கிடக்கலை சாமி. போயிட்டு வாங்க."

"உங்க மதினிதான்மா வரச் சொன்னாங்க."

"அவங்களுக்குப் புத்தி கலங்கியிருக்கு. நீங்க போங்க."

எம்புட்டுக் கொழுப்பு எனக்கு! சாமி படியிறங்கிப் போனார். உள்ளே வந்து, "சாமி வந்தாரா?" என்று நீங்கள் கேட்டபோது, "யாரும் வரலையே" என்று கூசாமல் சொன்னேன். என் பொய்க்கு ஆயுசு அரை நிமிசம். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த எழுமலைக்கார அம்மா எழுந்து உட்கார்ந்து, "வெள்ளைச் சட்டை போட்ட சாமி ஒருத்தரு வந்தாரே, இந்தம்மாதான் வெரட்டி விட்டுச்சு" என்று போட்டுக் கொடுத்துவிட்டது.

நீங்கள் கத்துவீர்கள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "ஏன் புஷ்பம்?" என்று மட்டும் கேட்டீர்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கள் அப்பாவுக்குச் சாகிற நேரத்தில் அவஸ்தை எண்ணெய் பூசியதை நான் கண்ணால் பார்த்தவள். சாமி கையை எடுத்துக் கால் மணி நேரம் ஆகவில்லை, அப்பா போய்விட்டார். அன்றிலிருந்து அந்தச் சின்ன எண்ணெய்ப் பெட்டியைக் கண்டாலே வேறு பக்கம் போய்விடுவேன். எண்ணெய் வந்தால் பின்னாலேயே சாவு வரும் என்று முடிவு கட்டியிருந்தேன். நம் ஆட்களில் பாதிப்பேர் அப்படித்தானே? பெயரே அவஸ்தை. நோயில்பூசுதல் என்று கோவிலில் பேரை மாற்றி எத்தனையோ காலமாகிறது, நம் பயம் மட்டும் பழைய பேரிலேயே இருந்தது.

நான் அழுது முடிக்கிற வரைக்கும் பொறுத்திருந்தீர்கள். அப்புறம் ஆரம்பித்தீர்கள்.

"ஏ கூறுகெட்டவளே, ஞானஸ்நானத்துல எனக்கு நெஞ்சுல பூசுனாங்க, உச்சியில பூசுனாங்க. அன்னைக்குச் செத்தா போனேன்? உறுதிபூசுதலுக்கு நெத்தியில பூசுனாங்க. அதே சாயங்காலம் நல்லாச் சோறு தின்னேன். குருப்பட்டம் குடுக்கிறப்ப அந்தச் சாமி கையிலயே எண்ணெய் பூசித்தான் அனுப்புனாங்க. புதுசாப் பீடம் கட்டுனா பீடத்துக்கு எண்ணெய். கிறிஸ்துங்கிற பேருக்கே எண்ணெய் பூசப்பட்டவருன்னுதானே அர்த்தம்? உடம்புக்கு முடியாம ஒருத்தி கிடக்கும்போது மட்டும் அது ஆகாதோ?"

வார்டே திரும்பிப் பார்த்தது. நான் அப்பாவின் பேச்சை எடுத்தேன். அப்போதுதான் உங்கள் குரல் இறங்கியது.

"மாமா எண்ணெய் பூசுனதால போகலை புஷ்பம். அவரு பயந்துருவாருன்னு மூணு நாளு சாமியக் கூப்பிடாம வச்சிருந்தோம். அவருக்குத் தெரியாதுன்னா நெனைச்ச? அந்த மூணு நாளும் பயத்தோட தனியாக் கிடந்தாரு மனுசன். மூச்சு இழுக்கவும் சாமிகிட்ட ஓடுனோம். நம்ம கடைக்கு எண்ணெய் வாங்க வாறவன் எரியிற விளக்குக்குத்தானே வாங்குவான்? திரி கருகுனப்புறம் ஊத்தி என்ன புண்ணியம்? எனக்கு இன்னும் எரியுது. நீ வெரட்டுன ஆளை நீயே போய்க் கூட்டிட்டு வா."

மூன்று நாள் என்று நீங்கள் சொன்னது என் நெஞ்சில் இன்னும் இருக்கிறது. அப்பாவின் கண்கள் அந்த மூன்று நாளும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தன. காற்றுக்குப் பார்க்கிறார் என்று நான் நினைத்திருந்தேன்.

ஆட்டோ பிடித்துச் சாமி வீட்டுக்குப் போனேன். சாமி டீ குடித்துக்கொண்டிருந்தார். தலையைத் தொங்கப் போட்டபடி, "மன்னிச்சிருங்க சாமி, வாங்க" என்றேன். அவர் விடுவாரா? "அங்கதான் யாரும் சாகக் கிடக்கலையேம்மா?" என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "சாகாதவங்களைப் பார்க்கத்தான் நான் வந்தேன், நடங்க" என்று பெட்டியை எடுத்தார்.

அவர் உங்கள் தலையில் கைவைத்தார். அப்புறம் உங்கள் கைகளை விரிக்கச் சொன்னார். அப்போதுதான் பார்த்தேன், மதினி. உங்கள் கை ரெண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. என்னை அந்தப் போடு போட்ட ஆளுக்குள்ளே அம்புட்டுப் பயம் இருந்திருக்கிறது. அந்தப் பயத்தோடு உங்களை ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்பத்தான் நான் வாசலை மறித்து நின்றிருக்கிறேன். சாமி ஒவ்வொரு உள்ளங்கையிலும் சிலுவை போட்டார். அவர் ஜெபத்தை முடிக்கும்போது நடுக்கம் நின்றிருந்தது. "ரெண்டு இட்லி வாங்கிட்டு வா, பசிக்குது" என்றீர்கள்.

எழுமலைக்கார அம்மாவுக்கு ஆசை வந்துவிட்டது. "அது என்ன எண்ணெய் தாயி? முட்டிவலிக்குக் கேக்குமா?" என்று கேட்டது. "வலிக்குக் கேக்குமான்னு தெரியலக்கா. பயத்துக்கு நல்லாக் கேக்குது" என்றீர்கள்.

மறுநாள் காலையில் நர்ஸ் உங்கள் கையைக் கழுவச் சொன்னதற்கு நான் சண்டைக்குப் போனேன். மந்திரித்த எண்ணெய், கழுவக் கூடாது என்று குதித்தேன். "கழுவு புஷ்பம், உள்ள போக வேண்டியது போயிருச்சு" என்று நீங்களே கையை நீட்டினீர்கள்.

அதற்கப்புறம் பதினோரு வருசம் இருந்தீர்கள். கட்டி போனது டாக்டர் கைவண்ணம் என்று நீங்களே ஊருக்குச் சொல்வீர்கள். எண்ணெயைப் பற்றிக் கேட்டால், பயம் போன கதையை மட்டும் சொல்வீர்கள். லூர்து மாதா திருவிழாப் பூசையில் நோயாளிகளுக்கு எண்ணெய் பூச அழைப்பார்கள். முதல் வருசம் நாலே பேர்தான் எழுந்து போனார்கள், அதில் ஒருத்தி நீங்கள். மற்றவர்கள் தங்களுக்கு நாள் குறித்துவிடுவார்களோ என்று பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த வருசம் ஆட்டோ பேசி, வீடு வீடாகப் போய், சர்க்கரைக்காரர், டயாலிசிஸ்காரர் என்று ஏற்றி வந்தீர்கள். "ஏறுங்கண்ணே, எண்ணெய் பூசுனதும் செத்துப்போக நீங்க என்ன கொசுவா?" என்று ஒருவரை நீங்கள் மிரட்டியது இன்றைக்கும் பங்கில் பேச்சு. இந்த வருசம் வரிசை வாசப்படியைத் தாண்டி வெயிலில் நின்றது, மதினி. நான் எண்ணவில்லை. நின்று பார்த்தேன், கண் நிறைந்து போனது.

நீங்கள் போனது மட்டும் சொல்லாமல் கொள்ளாமல். போன வருசம் கடையில் உட்கார்ந்தபடியே, கடலை எண்ணெய் டின் மூடியில் கைவைத்தபடியே. சாமியைக் கூப்பிட நேரமில்லை. எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனவளுக்குக் கடைசியில் எண்ணெய் இல்லாமல் போனதே என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். அண்ணன்தான் என் கையைப் பிடித்தார். "கருகுற வரைக்கும் அவ எங்க காத்திருந்தா? வருசா வருசம் ஊத்திக்கிட்டுத்தானே இருந்தா" என்றார். அதற்கு மேல் நான் அழவில்லை.

இன்றைக்குச் சாமி வந்தபோது ஜெரால்டு வாசலில் நின்றான். கையை விரித்து மறிக்கவில்லை, ஆனால் மறிக்கிற முகம். "உள்ள வாடா, வந்து பாரு" என்று கூப்பிட்டேன். பூசி முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கை ஜில்லென்று இருந்தது. "பயமா இருக்காம்மா?" என்றான். "உனக்குத்தான்டா இருக்கு" என்று என் உள்ளங்கையை அவன் கையில் அழுத்தித் தேய்த்தேன். தாத்தாவின் மூன்று நாளை அவனிடம் சொன்னேன். ஐம்பது வயதுப் பிள்ளை கட்டில் விளிம்பில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான். அழுது முடித்து, "அடுத்த திருவிழாவுக்கு ஆளுகளைக் கூட்டிட்டுப் போக ஆட்டோவ நான் பேசுறேன்" என்றான்.

நர்ஸ் பிரஷர் பார்த்துவிட்டு, இந்த வார்டிலேயே எனக்குத்தான் சரியாக இருக்கிறது என்கிறாள். ஊசி போடக் கையைத் துடைக்க வேண்டுமாம், பஞ்சோடு நிற்கிறாள். தாராளமாகத் துடைக்கட்டும். இதோ, பேனாவை வைத்துவிட்டுக் கையை நீட்டப் போகிறேன். நீங்களே பாருங்கள் மதினி, நடுங்கவில்லை.

உங்கள் நாத்தனார்,
புஷ்பம்