வில்காட்டின் நான்கு பற்கள்

அன்புத் தங்கைக்கு,

இன்று உன் மகன் வில்காட்டின் முன்பற்கள் நான்கையும் பிடுங்கியபோது மருத்துவருக்குப் பக்கத்தில் நின்றது நான்தான். நீ தலைகுனிந்து அழுதுகொண்டிருந்தாய். முகக்கவசம் போட்டிருந்த என்னைப் பார்க்கவில்லை.

இரண்டு வருஷம் முன்பு, அந்த மிட்சம்மர் கோடைத் திருநாள் விருந்தில், உன் மாமியார் வீட்டார் எதிரிலேயே, தூங்கிக்கொண்டிருந்த உன் ஒரு வயதுக் குழந்தையின் வாயிலிருந்து பாட்டிலைப் பிடுங்கினேன். "சர்க்கரை போட்ட லிங்கன் பழச்சாறை ராத்திரி முழுக்கச் சப்பினா பல்லு அழுகாதாடி? நீயெல்லாம் ஒரு அம்மாவா?"

"உன் பல் ஆஸ்பத்திரியை என் வீட்டுக்குத் தூக்கிட்டு வராதேக்கா!"

அதன்பின் ஒரு பரிசோதனைக்கும் நீ அவனை அழைத்து வரவில்லை. இங்கே நான் வேலை பார்க்கிறேனே.

வெறும் தண்ணீர் கொடு என்று அன்று நான் உன்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்.

மயக்கம் தெளிந்ததும், "நீங்க யாரு?" என்று கேட்டான். பெரியம்மா என்று சொல்ல வந்து, முகக்கவசத்தை ஏற்றிவிட்டுக்கொண்டேன்.

"நர்ஸ்" என்றேன்.

உன் அக்கா