அத்தியில் கட்டிய கொடி

1957, வைகாசி 9
அண்ணன் கல்யாணம் முடிந்து நாலு மாதம். சந்தையிலிருந்து வந்தால் முதலில் மதினியைத்தான் தேடுகிறான். எனக்கு வாங்கிய பொரிகடலை கூட அவள் கைக்குப் போய்த்தான் எனக்கு வருகிறது.

ஆனி 2
மதினிக்குத் தனி அறை கட்டுகிறானாம். என் அத்தி நிற்கிற இடத்தில்! ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்திய வருஷம் நான் கிளை ஒடித்து நட்ட போத்து அது. பொன்னுக்கு வீங்கி வந்த பிள்ளைகளுக்குத் தடவ, ஊரே அதன் பாலுக்கு வருகிறது. ஆத்தாவிடம் அழுதேன். "மரம் போனா வேற மரம். அவ வயித்துல புள்ளையிருக்கு" என்றாள்.

ஆனி 20
மதினி சீராகக் கொண்டுவந்த பசு கன்று போட்டது. நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி, கண்மாய்க்கரை ஆலமரத்தில் கட்டிவரச் சொன்னார்கள். பால்மரத்தில் கட்டினால்தான் பசுவுக்குப் பால் பெருகும். அத்தியும் பால்மரம்தானே? ஏறிக் கட்டிவிட்டேன். கொடி கட்டிய மரத்தை, பசு கறக்கிறவரை யாரும் வெட்டமாட்டார்கள்.

ஆனி 21
அண்ணன் திட்டினான். ஆத்தா தலையில் குட்டினாள். மதினி மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஏன் சிரிக்கிறாள்? நாற்றம், காக்கைகள். இருக்கட்டும். கோடாலி மூலைக்குப் போய்விட்டது.

1958, தை 20
பிரசவத்துக்குத் தாய்வீடு திருமயம் போன மதினி ஆண்பிள்ளையோடு திரும்பினாள். வீடே அவளைச் சுற்றுகிறது. நான் யாருக்கு வேண்டும்?

பங்குனி 11
பசு வற்றிவிட்டது. அண்ணன் கோடாலி தீட்டினான். பார்த்துக்கொண்டே நின்றேன். மதினி பிள்ளையோடு வந்தாள். "ரூம்பு வேணாங்க. மரம் நிக்கட்டும், தூளி கட்ட நெழலு வேணும்" என்றாள்.
அண்ணன் உடனே கோடாலியைக் கீழே வைத்தான்.
நான் அழுதேன், மரமேறினேன், குட்டு வாங்கினேன். அவளுக்கு ஒரே ஒரு வார்த்தை போதும். இப்ப மரமும் அவளோடதா?

பங்குனி 12
தூளி கட்டியாகிவிட்டது. அத்திப்பால் கேட்டு வந்த ராக்காயி, "சொர்ணவல்லி வீட்டு அத்தி" என்கிறாள். மதினி பெயர்! எரிகிறது.

பங்குனி 17
நாலு நாளாக நான் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. இன்று மதினி குடத்தோடு வந்து, தூரிலேயே கொட்டினாள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க நினைத்தேன். முடியவில்லை.
"தூர்ல ஊத்தாதீங்க மதினி. இங்கிட்டுத் தள்ளி, வேரு ஓடுற எடத்துல ஊத்துங்க."
"ஒனக்குத்தான் தெரியும், நீயே ஊத்து" என்று பாதிக் குடத்தை நீட்டினாள்.
வாங்கிக்கொண்டேன்.